பணியில் இருக்கும் ஒரே ஜூரர்

தான் இன்னும் ஒரு கொலை வழக்கின் ஜூரராகப் பணியாற்றிக்கொண்டிருக்கும் செய்தி அப்புத்துரைக்குப் பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போன கடப்பிதழ் அலுவலகத்தின் ஏழாம் முகப்பில்தான் அதிகாரபூர்வமாகத் தெரியவந்தது. முகப்பில் இருந்த பெண் கணினியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடியும் கணினியைப் பார்த்தாள். பிறகு மிகவும் பணிவாக, வழக்கு முடியும்வரை ஜூரர்கள் நாட்டை விட்டுப் போகக்கூடாது அங்கிள் என்று மலாயில் சொன்னாள். எந்த வழக்கு என்று அப்புத்துரை கேட்கவில்லை. அவர் வாழ்நாளில் உட்கார்ந்த வழக்கு ஒன்றுதான். அது நடந்து முப்பது வருடமாகிறது.

அவருக்கு அதிர்ச்சி ஏற்பட்டதா என்றால், பாதிதான் ஏற்பட்டது. மீதிப் பாதி அவர் எதிர்பார்த்திருந்ததுதான்.

அப்புத்துரை பினாங்கின் ஜார்ஜ் டவுனில் ஒரு கப்பல் ஏஜென்சியில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அப்பா குமாஸ்தா, தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்து குமாஸ்தா. அந்தக் குடும்பத்தில் கடிதம் இல்லாமல் எதுவும் நடந்ததாகக் கணக்கில்லை. பெண் பார்த்துவிட்டு வந்த மறுநாள், சம்மதத்தை இரண்டு வரி எழுத்தில் தரும்படி மாமனாரைக் கேட்டவர் இவர். அந்தக் கடிதம் இன்னும் கோப்பில் இருக்கிறது. மனைவி ஞானாம்பிகை கோபம் வரும்போதெல்லாம் அதைக் கிழித்துவிடப் போவதாகச் சொல்லுவார். அப்புத்துரை நகல் வைத்திருக்கிறார்.

இப்போது வந்திருக்கும் சங்கடம் சாதாரணமானதல்ல. மகள் நிலானிக்கு மெல்பர்னில் முதல் பிரசவம். முப்பத்தைந்து வயதில், எத்தனையோ ஆஸ்பத்திரி ஏறி இறங்கிய பிறகு வந்த பிள்ளை. இன்னும் பத்தொன்பது நாள். விமானச் சீட்டு எடுத்தாகிவிட்டது. ஞானாம்பிகை பிள்ளை பெற்றவளுக்கான சரக்குத்தூள் வறுத்து இடித்து, மைலோ டின்களில் அடைத்து, வாயை டேப் போட்டு ஒட்டிவிட்டார். "அப்பா வராட்டில் நான் ஆஸ்பத்திரிக்கே போகமாட்டன்" என்று நிலானி தொலைபேசியில் சொல்லியிருந்தாள். அதைக் கேட்ட இரவு அப்புத்துரை தன் பழைய சூட்கேசின் பூட்டுக்கு எண்ணெய் விட்டார்.

வழக்கு என்னவென்றால், அதை அப்புத்துரை சொல்ல மாட்டார். வழக்கைப் பற்றி எவரிடமும் பேசுவதில்லை என்று சத்தியம் செய்தவர். எனக்கு அந்தச் சத்தியம் இல்லாததால் நான் சொல்லிவிடுகிறேன்.

சுங்கை பினாங்கில் அய்யாக்கண்ணு, தயாளன் என்று இரண்டு கூட்டாளிகள் கார்ப் பட்டறை வைத்திருந்தார்கள். ஒருநாள் இருவருக்கும் பெரிய சண்டை. மறுநாளிலிருந்து தயாளனைக் காணவில்லை. ஆற்றோரம் அவருடைய செருப்பு ஒன்று கிடந்தது, பட்டறையில் சிவப்புக் கறையோடு ஒரு சட்டை கிடந்தது. அய்யாக்கண்ணு மேல் கொலைக் குற்றம் சுமத்தினார்கள். அந்தக் காலத்தில் தூக்குத் தண்டனை வழக்கென்றால் ஏழு ஜூரர்கள். ஜூரர்களின் தலைவர் அரிசிக் கடை வெள்ளையன். கடைசி நாளன்று ஏழு பேரும் அறைக்குள் போய், ஆளுக்கொரு துண்டுக் காகிதத்தில் தீர்ப்பை எழுதி மடித்து வெள்ளையனிடம் கொடுத்தார்கள். கொடுத்த கையோடு அப்புத்துரைக்கு வயிற்றைக் கலக்கியது. அவர் கழிவறைக்குப் போனார்.

அவர் உள்ளே இருந்த அந்தக் கால் மணி நேரத்தில்தான் செத்துப்போன தயாளன் நீதிமன்றத்துக்குள் நடந்து வந்தார். கோபத்தில் தாய்லாந்தின் ஹாட்ஜாய்க்குப் போய் அங்கே ஒரு பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், தன்னுடைய செருப்பு நீதிமன்றத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டு வாங்கிப்போக வந்திருந்தார். சட்டையில் இருந்தது பெயிண்ட். அந்த அமளியில் நீதிபதி ஜூரர்களை வரவழைத்து, நன்றி சொல்லி, விடுவித்தார். வந்தவர்கள் ஆறு பேர். ஆறு பெயர்கள் பதிவாயின. அப்புத்துரை கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது நீதிமன்றத்தில் மின்விசிறிகூட நின்றிருந்தது. கதவைப் பூட்ட வந்த சேவகர் கேஸ் முடிஞ்சுது, வீட்டுக்குப் போங்க என்றார். கடிதம் தருவார்களா என்று கேட்டார் அப்புத்துரை. சேவகர் விளக்கை அணைத்தார்.

கொஞ்ச நாளில் நாட்டில் ஜூரி முறையையே எடுத்துவிட்டார்கள். அப்புத்துரை தன்னை முறைப்படி விடுவிக்கும்படி ஒரு கடிதம் எழுதினார். "தங்கள் கடிதம் கவனத்தில் உள்ளது" என்று பதில் வந்தது. அன்றிலிருந்து அது கவனத்தில் இருந்திருக்கிறது. போன வருடம் பழைய கோப்புகளையெல்லாம் கணினியில் ஏற்றியபோது, கவனத்தில் இருந்த அந்தக் கடிதத்தையும் ஏற்றிவிட்டார்கள்.

மறுநாள் காலை அப்புத்துரை, எஞ்சிய ஜூரர் விவகாரப் பிரிவு என்ற பலகையைத் தேடி எஸ்பிளனேடு பக்கம் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கு ஏறினார். ஹைக்கல் என்ற இளம் அதிகாரி அவருடைய பெயரைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டான். உண்மையான ஜூரர் ஒருவரை அவன் நேரில் பார்த்ததில்லை. பக்கத்து மேசைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு பெண் கைபேசியில் படம் எடுத்தாள்.

ஹைக்கல் நல்ல பிள்ளை. ஜூரரை விடுவிக்கும் படிவத்தை எடுத்து, தூசி தட்டி, பொறுமையாக விளக்கினான். நான்கு காரணங்களுக்காக ஒரு ஜூரரை விடுவிக்கலாம்: இறப்பு, கடும் நோய், சித்தப் பிரமை, தவறான நடத்தை. வழக்கு முடிந்துவிட்டது என்பது காரணங்களில் இல்லையே என்றார் அப்புத்துரை. வழக்கு முடிந்தால் எல்லா ஜூரர்களும் தாமாகவே விடுபட்டுவிடுவார்கள், அதனால் அதற்குப் படிவம் தேவைப்படவில்லை என்றான் ஹைக்கல். அப்படியென்றால் நானும் விடுபட்டுவிட்டேனா என்று கேட்டார். இல்லை, அங்கிள் விடுபடவில்லை, அதனால்தான் இந்தப் படிவம் என்றான்.

இருப்பதில் சுலபமானது இறப்பு. அது அன்றைக்கே முடிந்துவிடும். ஆனால் பிறகு கடப்பிதழ் எடுப்பதில் கொஞ்சம் சிரமம் இருக்கும் என்பதை ஹைக்கலே ஒப்புக்கொண்டான். கடும் நோய் என்றால் வழக்கு நடந்த வருடத்து மருத்துவச் சான்றிதழ் வேண்டும். சித்தப் பிரமைக்கு மூன்று மருத்துவர்கள் வேண்டும். மிஞ்சியது தவறான நடத்தை. அதில் மூன்று வகை. வழக்கைப் பற்றி வெளியே பேசுவது, அதற்குச் சிறை. குடித்துவிட்டு வருவது, அப்புத்துரை சைவக்காரர், குடிப்பதில்லை. மூன்றாவது, ஜூரர் பெட்டியில் உட்கார்ந்து தூங்குவது. அதற்குத் தண்டனை கிடையாது, எச்சரிக்கைதான்.

"அங்கிள், கொஞ்ச நேரம் தூங்குங்க லா," என்றான் ஹைக்கல், தனக்குத் தெரிந்த தமிழில். "நான் பாத்து எழுதிக்கறேன்."

கீழ்த்தளத்தில் பயன்படாத ஒரு நீதிமன்ற அறையைத் திறந்தார்கள். ஜூரர் பெட்டியில் உடைந்த மின்விசிறிகளையும் பழைய நாட்காட்டிகளையும் போட்டு வைத்திருந்தார்கள். அவற்றை ஒதுக்கிவிட்டு ஏழாம் நாற்காலியில் அப்புத்துரையை உட்கார வைத்தார்கள். தூக்கம் வரட்டும் என்று ஹைக்கல் பழைய வழக்குக் கோப்பை முதல் பக்கத்திலிருந்து உரக்க வாசித்தான். நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் எண், ஒவ்வொரு தாளிலும் முத்திரை, ஒவ்வொரு சாட்சியத்தின் கீழும் கையெழுத்து. தயாளன் இறந்துபோன செய்தி மட்டும் முப்பத்தொன்பது இடங்களில் வந்தது. அதைக் கேட்கக் கேட்க அப்புத்துரைக்கு ஏனோ காது சூடாகியது.

முப்பத்தைந்து வருட உத்தியோகத்தில் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கொட்டாவிகூட விடாத மனிதர் அவர். கண்ணை மூடினால் அப்பாவும் தாத்தாவும் வந்து நின்றார்கள். நாற்பதாம் பக்கம் தாண்டியதும் நிமிர்ந்து உட்கார்ந்து குறிப்பெடுக்கத் தொடங்கிவிட்டார். நூற்றிருபதாம் பக்கத்தில் ஹைக்கல் மேசைமேல் தலை சாய்த்துத் தூங்கிப்போனான். அப்புத்துரை ஐந்து நிமிடம் பொறுத்திருந்து, மரியாதையாக அவனை எழுப்பி, விட்ட வரியைச் சொல்லிக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் மாலை அறிக்கை தயாரானது. ஜூரர் முழுநேரமும் மிகுந்த விழிப்புடன் இருந்தார் என்றும், பதிவான வரலாற்றிலேயே இவ்வளவு கவனமான ஜூரர் இருந்ததில்லை என்றும் அதில் ஹைக்கல் எழுதியிருந்தான். பொய் எழுத அவனுக்கு வரவில்லை. இத்தனை நல்ல ஜூரரை விடுவிக்க இப்போது காரணம் தேடுவது முன்னைவிடக் கடினமாகிவிட்டது.

அறிக்கை பிரிவின் தலைவர் சண்முகநாதனிடம் போனது. ஐந்து நாள் கழித்து அவர் அப்புத்துரையை மனைவியோடு வரச்சொன்னார். பினாங்கு ஸ்திரீட்டில் தாத்தா காலத்தில் கடை வைத்திருந்த செட்டியார் குடும்பத்துப் பிள்ளை அவர். நெற்றியில் திருநீறு, சட்டைப்பையில் மூன்று பேனா. உள்ளே நுழைந்ததும் அப்புத்துரைக்குப் பொன்னாடை போர்த்தினார். ஊழியர்கள் கைதட்டினார்கள். இன்னும் பதினொரு நாள்தான் இருக்கிறது என்று ஞானாம்பிகை வாய் திறப்பதற்குள் சண்முகநாதன் பேசத் தொடங்கிவிட்டார்.

"ஐயா, இந்தப் பிரிவோட வரலாறு நிறைய பேருக்குத் தெரியாது. ஜூரி முறை இருந்த காலத்துல ஜூரர்களப் பாத்துக்க ஒரே ஒரு கிளார்க் இருந்தாரு. ஜூரி முறைய எடுத்த பிறகுதான் அரசாங்கம் இதோட முக்கியத்துவத்த உணர்ந்து தனிப் பிரிவா ஆக்கிச்சு. இன்னைக்கு இருபத்திரெண்டு பேரு வேல செய்யறோம். ஒரு ஜூரர்கூட இல்லாம இத்தன வருசம், ஒரு புகாரும் வராம நடத்தியிருக்கோம். எந்தப் பிரிவு இப்படிச் சொல்லமுடியும்? ஆனா மேலிடத்துல ஒரு கேள்வி வந்துச்சு. ஜூரரே இல்லாத ஊருல ஜூரர் பிரிவு எதுக்குன்னு. அன்னைக்கு எனக்குத் தூக்கமே வரல. மறுநாள் கணினியில பாக்கறேன், நீங்க இருக்கீங்க. நீங்க இருக்கற வரைக்கும்தான் ஐயா நாங்க இருக்கோம்."

சொல்லும்போது அவருக்கு உண்மையாகவே கண் கலங்கியது. அப்புத்துரை பொன்னாடையைச் சரிசெய்துகொண்டார்.

இருந்தாலும் சண்முகநாதன் சட்டத்தை மதிப்பவர். விண்ணப்பம் வந்துவிட்டதால் பரிசீலிக்க வேண்டியது தன் கடமை என்றார். எந்தக் காரணத்தின் பேரில் விடுவிப்பதானாலும் முதலில், ஜூரர் தன் பணிக்காலம் முழுவதும் ரகசியம் காத்தார் என்று குடும்பத்தில் ஒருவர் உறுதிமொழி தரவேண்டும். ஹைக்கல் தாளை ஞானாம்பிகை முன்னால் வைத்தான். இவ்வழக்கைப் பற்றி என் கணவர் என்னிடம் எதுவும் கூறவில்லை, எனக்கு இவ்வழக்கைப் பற்றி எதுவும் தெரியாது என்று எழுதியிருந்தது. ஞானாம்பிகை கண்ணாடியை மாட்டி இரண்டு தரம் வாசித்தார். முதல் பாதிக்குக் கையெழுத்து வைக்கலாம், இரண்டாம் பாதிக்கு வைக்க முடியாது என்றார். தனக்கு எல்லாம் தெரியும் என்றார்.

ஞானாம்பிகை செருப்பிலிருந்து தொடங்கி, பெயிண்ட், ஹாட்ஜாய், தயாளன் நீதிமன்றத்துக்குள் வந்த நேரம் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னார். சொல்லி முடித்ததும் ஹைக்கலின் முகம் மலர்ந்தது. அங்கிள் ஆன்ட்டியிடம் சொல்லிவிட்டாரென்றால் அது தவறான நடத்தை. இன்றைக்கே விடுவித்துவிடலாம் என்றான். சிறை ஆறு மாதத்துக்கு மேல் போகாது என்றும் சொன்னான்.

சண்முகநாதன் மேசையில் சாய்ந்து, உங்க வீட்டுக்காரர்தான் சொன்னாரா அம்மா என்று கேட்டார். ஆமென்று ஒரு சொல் சொன்னால் போதும், முப்பது வருடக் கட்டு அவிழ்ந்துவிடும். அப்புத்துரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவரோ?" என்றார் ஞானாம்பிகை. "இந்த ஊரிலே இந்தக் கதை தெரியாத ஆள் ஆர்? மீன் விக்கிறவள் எனக்குச் சொன்னாள். பால்காரன் சொன்னான். ஜுரு எண்ட ஊரிலே நாங்கள் கார் வாங்கினதே செத்துப்போன அந்தத் தயாளனிட்டத்தான். அந்த மனுசன் தான் செத்த கதையைத் தானே சொல்ல வெளிக்கிட்டார். இவர் ரெண்டு காதையும் பொத்திக்கொண்டு காரை விட்டு இறங்கி வெய்யிலிலே போய் நிண்டார். இவர் ஒரு சொல்லுச் சொல்லேல்லை. அதுதான் முப்பது வருசமா என்ர வழக்கு."

தயாளனையே கூப்பிட்டுச் சாட்சி கேட்கலாமே என்றார் அப்புத்துரை, மெல்ல. ஹைக்கல் கோப்பைப் புரட்டினான். கோப்பின்படி தயாளன் இறந்தவர், முப்பத்தொன்பது இடங்களில். அவருடைய கையெழுத்து செல்லாது.

உறுதிமொழியின் இரண்டாம் பாதியை அடித்துவிட்டுக் கையெழுத்து வாங்கலாமா என்று மேலிடத்துக்கு எழுதிக் கேட்பதாகச் சண்முகநாதன் சொன்னார். பதில் வர எத்தனை நாள் என்று அப்புத்துரை கேட்டார். சராசரியாகப் பதினெட்டு மாதம். அப்புத்துரை எழுந்துகொண்டார். பொன்னாடையை மடித்து மேசைமேல் வைத்தார். பேரப்பிள்ளை அதற்குள் நடக்கப் பழகியிருக்கும் என்று நினைத்தார். அவர் அதிகம் அழாதவர். அன்றும் அழவில்லை, ஆனால் கதவின் கைப்பிடியைத் தேடக் கொஞ்ச நேரமானது.

ஞானாம்பிகை எழுந்திருக்கவில்லை.

"ஒண்டு கேக்கிறன் தம்பி," என்றார் சண்முகநாதனிடம். "இவர் வேலையிலே இருக்கிறார் எண்டு சொல்லுறியள். வேலையிலே இருக்கிற மனுசனுக்கு லீவு இல்லையோ?"

கதவருகே அப்புத்துரை திரும்பினார். அவருக்குள் இருந்த தலைமைக் குமாஸ்தா விழித்துக்கொண்டார். முப்பது வருடப் பணி, ஒரு நாள் விடுப்பு எடுக்கவில்லை. எடுக்காத விடுப்பு அடுத்த வருடத்துக்குச் சேரும். ஜூரர்களுக்கு விடுப்பு கிடையாது என்று விதி எங்கேயாவது இருக்கிறதா என்று கேட்டார். ஹைக்கல் விதிப்புத்தகத்தைத் தேடினான். இல்லை. விடுப்பு உண்டு என்று விதி இருக்கிறதா என்று சண்முகநாதன் கேட்டார். அதுவும் இல்லை. ஜூரர் விடுப்புக் கேட்கும் அளவுக்கு எந்த வழக்கும் நீண்டதில்லை.

சண்முகநாதனின் முகத்தில் மெதுவாக வெளிச்சம் பரவியது. ஜூரர் விடுப்பில் போனால் திரும்பி வருவார். திரும்பி வரும் ஜூரருக்குப் பிரிவு வேண்டும். ஜூரரின் விடுப்பைக் கவனிக்கக் கூடுதலாக இரண்டு பேரைக்கூடக் கேட்கலாம். விடுப்புப் படிவத்தை எங்கே எடுப்பது என்று யாரும் தேடவில்லை. அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் மனப்பாடமாக இருந்த படிவம் அது ஒன்றுதான். நான்கு மேசைகளிலிருந்து நான்கு பேர் நீட்டினார்கள். பத்து நிமிடத்தில் முத்திரை விழுந்தது. அறுபது நாள் விடுப்பு, வெளிநாடு போகும் அனுமதியோடு. திரும்பியதும் மீண்டும் பணியில் சேரவும் என்று கீழே சிவப்பு மையில் எழுதியிருந்தது.

கடப்பிதழ் நான்காம் நாள் கிடைத்தது. பிரசவத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது விமானம் ஏறினார்கள். மைலோ டின்களைச் சோதனையில் ஒருமுறை திறந்து மூடினார்கள். விடுப்புக் கடிதத்தை அப்புத்துரை சட்டைப்பையில் வைத்திருந்தார். யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் இரண்டு பேருக்கு எடுத்துக் காட்டினார்.

விமானம் மேகத்துக்கு மேலே ஏறி நேரான பிறகு ஞானாம்பிகை அவர் பக்கம் திரும்பினார்.

"இஞ்சேரப்பா, இப்ப லீவிலேதானே இருக்கிறியள்?"

"ஓம்."

"லீவிலே இருக்கிறவருக்கு வேலை விதி பொருந்துமோ?"

அப்புத்துரை யோசித்தார். கப்பல் ஏஜென்சி நடைமுறைப்படி பொருந்தாது என்றார்.

"அப்ப சொல்லுங்கோ. அண்டைக்கு அந்தத் துண்டிலே என்ன எழுதிக் குடுத்தனீங்கள்?"

முப்பது வருடமாக இந்த ஒரு கேள்விக்குத்தான் அவர் பயந்துகொண்டிருந்தார். சத்தியம் சத்தியம் என்று சொல்லிக்கொண்டாரே தவிர, அந்தச் சத்தியத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தது வெட்கம். காது பொத்தியதும் அதற்காகத்தான். எதிர் இருக்கையின் பையில் இருந்த பாதுகாப்பு அட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"குற்றவாளி எண்டு எழுதினனான். கோப்பு அவ்வளவு ஒழுங்கா இருந்தது, ஞானம். நானூற்றுப் பன்னிரண்டு பக்கம், ஒரு எண்கூடப் பிழையில்லை. தயாளன் அங்கை உயிரோட வெல்டிங் செய்துகொண்டிருந்தான். நான் இங்கை அய்யாக்கண்ணுவைத் தூக்கிலே போட எழுதிக் குடுத்துப்போட்டு..." அவர் நிறுத்தினார். "அதுதான் வயித்தைக் கலக்கினது."

ஞானாம்பிகை அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"தெரியும்," என்றார். "ஏழு துண்டிலயும் அதுதான் இருந்தது. வெள்ளையன் அண்டைக்குப் பின்னேரமே அரிசிக் கடையிலே எல்லாரிட்டயும் சொல்லிப்போட்டார். அய்யாக்கண்ணுவுக்கும் தெரியும். அந்த மனுசன் சிரிச்சதுதான். நீங்கள் எப்ப வாய் திறந்து சொல்லுவியள் எண்டுதான் நான் பார்த்துக்கொண்டிருந்தனான்."

நெஞ்சில் முப்பது வருடமாக இருந்த பாரம் இறங்கியது அப்புத்துரைக்கே நன்றாகத் தெரிந்தது. பணிப்பெண் தேநீர் கொண்டுவந்தாள். அவர் சர்க்கரை போட்டுக் கலக்கி, ஒரு வாய் குடித்து, கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு புருவத்தைச் சுருக்கிக்கொண்டு மனைவி பக்கம் சாய்ந்தார்.

"அதுசரி," என்றார். "அதைச் சொல்லேக்கை வெள்ளையனுக்கு விடுவிப்புக் கடிதம் கையிலே கிடைச்சிருந்ததோ?"